கலந்த மக்மாவும் நடுவில் விழும் எண்ணும்

எரிமலைப் பிரதேசம் ஒன்றில் நடந்து போகிறவர் ஒரே நாளில் கரிய பசால்ட்டையும் சாம்பல் நிற அண்டசைட்டையும் வெளிறிய ரயோலைட்டையும் கையில் எடுத்துப் பார்க்க முடியும். பசால்ட்டில் சிலிக்கா, அதாவது சிலிக்கன் ஈரொட்சைட்டு, ஏறத்தாழ 50 சதவீதம். ரயோலைட்டில் 70 சதவீதத்துக்கும் மேல். அண்டசைட்டும் டேசைட்டும் இவற்றுக்கு இடையில் விழுகின்றன. சிலிக்கா கூடக்கூட மகனீசியமும் இரும்பும் கல்சியமும் குறைந்துகொண்டு போகின்றன. ஒரே எரிமலையின் அடியிலிருந்து வந்த உருகிய பாறை, அதாவது மக்மா, இவ்வளவு வேறுபாட்டை எப்படிப் பெற்றது, குறிப்பாக அந்த நடுத்தரப் பாறைகள் எப்படிப் பிறந்தன என்ற கேள்வி என்னை நெடுங்காலமாகப் பிடித்து வைத்திருக்கிறது. நான் கிளிநொச்சியில் உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் கற்பிப்பவன். பாறையியல் எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. ஆனாலும் கலவை, செறிவு, சமநிலை என்று வகுப்பில் பேசும் எல்லாவற்றுக்கும் இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

இந்தக் கேள்வியை எண்களோடு எழுப்பியவர்களுள் முதன்மையானவர் எங்கள் மாணவர் ஒவ்வொருவருக்கும் பெயரளவில் தெரிந்தவர்தான். ஆய்வுகூட மேசையில் எரியும் சுடரடுப்புக்குத் தன் பெயரைத் தந்த ரொபேட் பன்சன் அவர். ஐஸ்லாந்தின் ஹெக்லா எரிமலை 1845 இல் வெடித்ததைத் தொடர்ந்து, அடுத்த ஆண்டில் அவர் அங்கே போய்ப் பாறைகளையும் வாயுக்களையும் சேகரித்து வந்தார். 1851 இல் வெளியிட்ட கட்டுரையில், ஐஸ்லாந்துப் பாறைகள் சிலிக்கா மிகுந்த ஒரு முனைக்கும் சிலிக்கா குறைந்த மறுமுனைக்கும் இடையில் ஒழுங்காக அமைகின்றன என்றும், இரண்டு மூல மக்மாக்கள் வெவ்வேறு விகிதங்களில் கலந்ததால்தான் இடைப்பட்டவை உண்டாயின என்றும் எழுதினார். ஒரு பாறையின் சிலிக்கா அளவிலிருந்து கலப்பு விகிதத்தைக் கணித்து, அந்த விகிதத்தின்படி ஏனைய ஒட்சைட்டுகள் எவ்வளவு இருக்கவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, பின்னர் அளந்து கண்ட பெறுமானத்தோடு அதை ஒப்பிடலாம் என்பது அவருடைய முறையின் சாரம். ஒரு கருத்து பொய்யாகப் போவதற்கும் வழி திறந்து வைத்துச் சோதிக்கும் இந்த முறையே அவருடைய விடையைவிடப் பெரியது என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் அடுத்த நூற்றாண்டில் அந்த விடை பெரும்பாலும் ஒதுக்கப்பட்டது. அதற்குக் காரணமானவர் நோர்மன் போவன். வாஷிங்டனில் உள்ள ஆய்வுகூடத்தில் பாறைப் பொடிகளை உருக்கி, மெல்ல மெல்லக் குளிரவைத்து, எந்தக் கனியம் எந்த வெப்பநிலையில் முதலில் பளிங்காகிறது, அதாவது படிகமாகிறது, என்று பொறுமையாகப் பார்த்தவர் அவர். பசால்ட் மக்மா குளிரும்போது ஒலிவின் போன்ற, மகனீசியம் மிகுந்த, சிலிக்கா குறைந்த பளிங்குகள் முதலில் பிறக்கின்றன. அவை திரவத்தைவிட அடர்த்தியானவை. அவை திரவத்திலிருந்து பிரிந்துவிட்டால், எஞ்சிய திரவத்தில் மகனீசியம் குறைந்து சிலிக்கா கூடுகிறது. இப்படியே தொடர்ந்து பிரிந்துகொண்டு போனால், ஒரேயொரு பசால்ட் மக்மாவிலிருந்து அண்டசைட்டும் டேசைட்டும் கடைசியில் சிறிதளவு ரயோலைட்டும் கிடைக்கும். இரண்டாவது மக்மா தேவையே இல்லை. 1915 இலும் 1928 இலும் போவன் விரித்துரைத்த இந்த விளக்கம் மிக வலிமையானது. பல எரிமலைகளில் இன்றும் அது உண்மை. அதன் அழகும் ஒழுங்குமே மற்ற வழிகளை நீண்ட காலம் மறைத்துவிட்டன என்பதுதான் என் குறை.

மறைக்க முடியாத சாட்சியங்களும் இருந்தன. அமெரிக்காவின் யெலோஸ்டோன் பிரதேசத்தில் கார்டினர் ஆற்றங்கரையில் பசால்ட்டும் ரயோலைட்டும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும் ஓர் இடம் உண்டு. கிளாரன்ஸ் ஃபென்னர் 1938 இல் அதை விவரித்தபோது, ஏற்கெனவே இறுகிக் கிடந்த பசால்ட்டை ரயோலைட் அரித்துக் கரைத்தது என்று வாதிட்டார். 1944 இல் அதே இடத்தை மறுபடி ஆராய்ந்த றே வில்கொக்ஸ், இரண்டும் ஒரே நேரத்தில் திரவமாக இருந்தபோதே கலந்தன என்பதைக் காட்டினார். இருந்தாலும் 1970களில்தான், ஐக்கல்பேர்கர், அண்டர்சன், ஸ்பார்க்ஸ் முதலியோர் எழுதிய பிறகே, கலப்பு என்பது அபூர்வமான விநோதம் அல்ல, எரிமலைகளின் அன்றாட வேலை என்ற எண்ணம் வேரூன்றியது.

இரண்டு விளக்கங்களையும் பிரித்தறிவதற்கு ஒரு கணக்கு போதும். கணக்குக்காக எளிய எண்களை எடுத்துக்கொள்கிறேன். ஒரு பசால்ட் மக்மாவில் சிலிக்கா 50 சதவீதம், மகனீசியம் ஒட்சைட்டு 8 சதவீதம், நிக்கல் பத்து இலட்சத்தில் 150 பங்கு என்று வைப்போம். ஒரு ரயோலைட் மக்மாவில் சிலிக்கா 74, மகனீசியம் ஒட்சைட்டு 0.4, நிக்கல் 2 பங்கு என்று வைப்போம். இரண்டையும் சமபங்கில் கலந்தால் சிலிக்கா 62 ஆகவும் மகனீசியம் ஒட்சைட்டு 4.2 ஆகவும் நிக்கல் 76 பங்காகவும் வரும். சிலிக்காவை மட்டும் பார்த்தால் இது சாதாரண அண்டசைட். இப்போது அதே பசால்ட் யாரோடும் கலக்காமல், பளிங்குகளை இழந்து அண்டசைட்டாக மாறியது என்று வைத்துக்கொள்வோம். நிக்கல் ஒலிவினுக்குள் புகுவதில் மிகவும் விருப்பமுள்ள மூலகம். பிரியும் பளிங்குத் தொகுதியில் நிக்கலின் செறிவு திரவத்தில் உள்ளதைப்போல் 5 மடங்கு என்றும், மக்மாவில் பாதி பளிங்காகிப் பிரிந்துவிட்டது என்றும் கொண்டால், எஞ்சிய திரவத்தின் நிக்கல் பழைய அளவில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 9 பங்காக வீழ்ந்துவிடும். ஒரே சிலிக்கா அளவுள்ள இரண்டு அண்டசைட்டுகளில் ஒன்றில் நிக்கல் 76, மற்றதில் 9. இவ்வளவு பெரிய இடைவெளியை அளவீட்டுப் பிழை என்று யாராலும் ஒதுக்கிவிட முடியாது. குரோமியமும் இப்படியே நடந்துகொள்கிறது. சிலிக்கா அதிகமாக உள்ள பாறை ஒன்றில் நிக்கலும் குரோமியமும் எதிர்பாராத அளவு நிறைந்திருந்தால், அதற்குள் பசால்ட் ஒன்று அண்மையில் புகுந்திருக்கிறது என்று ஐயுறலாம்.

இதையே வரைபில் குறித்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். கிடை அச்சில் சிலிக்காவையும் நிலை அச்சில் வேறோர் ஒட்சைட்டையும் வைத்து வரையும் வரைபுகளுக்கு அல்ஃபிரட் ஹார்க்கரின் பெயர் வழங்குகிறது. இரண்டு மக்மாக்களின் கலவைகள் எல்லாம், எந்த ஒட்சைட்டை எடுத்தாலும், இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோட்டிலேயே விழவேண்டும். பளிங்குப் பிரிவில் அப்படியில்லை. புதிய கனியம் ஒன்று பிறக்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் கோடு திரும்பும். தைத்தேனியம் இதற்கு நல்ல சாட்சி. இரும்பு ஒட்சைட்டுக் கனியங்கள் பிறக்கும்வரை அது திரவத்தில் ஏறிக்கொண்டே போய், அவை பிறந்ததும் சடுதியாக இறங்குகிறது. கலவையில் அப்படியொரு முகடு தோன்ற வழியே இல்லை. இரு விகிதங்களை ஒன்றுக்கொன்று எதிராக வரைந்தால் கலவைகள் நேர்கோட்டை விட்டு அதிபரவளைவில் அமையும்; இதனால் நேர்கோடு கிடைக்கவில்லை என்ற ஒன்றைக் கொண்டு கலப்பை மறுத்துவிடக் கூடாது. இவற்றைவிட உறுதியான சாட்சி சமதானிகள், அதாவது ஒரே மூலகத்தின் வெவ்வேறு திணிவுள்ள அணுக்கள். ஸ்துரோந்தியம் 87 க்கும் 86 க்கும் உள்ள விகிதம் பளிங்கு பிரிவதால் மாறுவதில்லை. ஒரே எரிமலையின் பாறைகளில் சிலிக்காவோடு சேர்ந்து இந்த விகிதமும் ஒழுங்காக மாறினால், வெவ்வேறு வரலாறுள்ள இரண்டு பொருள்கள் அங்கே சேர்ந்திருக்கின்றன என்றுதான் அர்த்தம். இரண்டாவது பொருள் இன்னொரு மக்மாவாகவும் இருக்கலாம், சுவர்ப்பாறை உருகிக் கரைந்ததாகவும் இருக்கலாம். அதை வேறு சான்றுகளால் தீர்மானிக்கவேண்டும்.

எனினும், பாறையைப் பொடியாக்கி அளந்து பெறும் எண் எதுவும் பளிங்குகளைப்போலப் பேசுவதில்லை என்பது என் நம்பிக்கை. பொடியாக்கும்போது நாங்கள் சராசரியைத்தான் பெறுகிறோம். மெல்லிய சீவலாக வெட்டி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், அந்தச் சராசரிக்குள் யார் யார் இருந்தார்கள் என்று தெரிகிறது. மகனீசியம் மிகுந்த ஒலிவினும் குவார்ட்ஸும் சமநிலையில் உள்ள ஒரே திரவத்தில் சேர்ந்து வாழமாட்டா. சிலிக்கா மிஞ்சியிருக்கும் இடத்தில் ஒலிவின் அதோடு தாக்கமடைந்து பைரொக்சின் என்ற வேறொரு கனியமாக மாறிவிடும். அப்படியிருக்க, ஒரே கைப்பிடிக் கல்லில் இரண்டும் அருகருகே இருந்தால், அவை வெவ்வேறு திரவங்களில் பிறந்து, சமநிலை அடைய நேரமில்லாமல் இறுகிப்போயின என்றுதான் கொள்ளவேண்டும். பல இடங்களில் குவார்ட்ஸ் மணியைச் சுற்றி நுண்ணிய பைரொக்சின் ஊசிகள் வேலி கட்டியிருக்கும். ரயோலைட்டில் அமைதியாக வளர்ந்த மணி சூடான பசால்ட்டுக்குள் விழுந்து, ஓரத்தில் கரையத் தொடங்கி, கரைந்த சிலிக்கா சுற்றியிருந்த திரவத்தோடு சேர்ந்து அந்த வேலியை உண்டாக்கியிருக்கிறது.

பிளஜியோகிளேஸ் பெல்ஸ்பார் என்ற கனியத்தின் கதை இன்னும் நீளமானது. மக்மா சூடாக இருக்கும்போது அது கல்சியத்தையும், குளிரும்போது சோடியத்தையும் கூடுதலாக ஏற்கிறது. ஆகவே சாதாரணமாகக் குளிர்ந்த பளிங்கில் உள்ளே கல்சியம் மிகுந்தும் வெளியே சோடியம் மிகுந்தும் இருக்கும். கலந்த மக்மாவில் இந்த ஒழுங்கு தலைகீழாகிறது: சோடியம் மிகுந்த உட்கரு, அதைச் சுற்றி அரிக்கப்பட்டுத் துளைதுளையாக உருகிய ஒரு வலயம், அதன் மேல் திடீரென்று கல்சியம் மிகுந்த ஒரு புது வளையம். சூடான விருந்தாளி வந்து சேர்ந்த தருணம் அந்த எல்லையில் பதிந்திருக்கிறது. சில பளிங்குகளில் இத்தகைய வளையங்கள் பல உண்டு. அந்த எரிமலையின் அடிக்குப் பசால்ட் ஒரு தடவை மட்டும் வரவில்லை. பெல்ஸ்பாருக்குள் கல்சியமும் அலுமினியமும் இடம் மாறி நகர்வது மிக மிக மெதுவானது. அதனால்தான் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சூட்டில் கிடந்த பளிங்கிலும் இந்த எல்லைகள் மங்காமல் நிற்கின்றன.

இப்படி நீண்ட சாட்சியம் எஞ்சியிருப்பதற்கே ஒரு காரணம் உண்டு: மக்மாக்கள் கலப்பது எளிதான காரியம் அல்ல. பசால்ட் 1100 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் வருகிறது. ரயோலைட் 700 முதல் 850 பாகை அளவில் இருக்கிறது. ரயோலைட்டின் பாகுத்தன்மை பசால்ட்டைவிடப் பல ஆயிரம் மடங்கு, சில வேளைகளில் பல இலட்சம் மடங்கு பெரியது. இரண்டும் சந்தித்ததும் பசால்ட் சடுதியாகக் குளிர்ந்து, நிறையப் பளிங்குகளைப் பெற்று இறுகத் தொடங்குகிறது. ரயோலைட்டோ சூடேறி இளகுகிறது. வெப்பம் கடத்தப்படும் வேகத்துக்கும் மூலகங்கள் பரவும் வேகத்துக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் மடங்கு வித்தியாசம் இருப்பதால், 10 சென்றிமீற்றர் அகலமுள்ள பசால்ட் உருண்டை ஒன்று தன்னைச் சுற்றியுள்ள மக்மாவின் வெப்பநிலையை அடையச் சில மணித்தியாலங்கள் போதும்; ஆனால் பரவலால் மட்டும் அதன் இரசாயனம் சமப்படுவதற்கு முப்பது ஆண்டு அளவு தேவைப்படும். அதற்கிடையில் உருண்டை இறுகிவிடும். எரிமலைப் பாறைகளில் கரிய, நுண்மணிகளாலான, ஓரம் வளைந்து நெளிந்த உருண்டைகள் பதிந்திருப்பது இதனால்தான். அவற்றின் ஓரம் உட்பகுதியைவிட நுண்மையாக இருந்தால், அது திரவமாக வந்து விளிம்பில் முதலில் குளிர்ந்தது என்று சொல்லலாம். கூர்மையான மூலைகளோடு இருந்தால், முன்பே இறுகிய பாறையின் உடைந்த துண்டு என்று கருதலாம்.

அப்படியானால் முழுமையான கலப்பு எப்படி நடக்கிறது? இழுபடுவதாலும் மடிபடுவதாலும். பராட்டா மாவை இழுத்து மடித்து மறுபடி இழுப்பதைப்போல, மக்மா அறைக்குள் எழும் ஓட்டங்கள் இரண்டு திரவங்களையும் மெல்லிய படைகளாக்கிக்கொண்டே போகின்றன. படையின் தடிப்பு 10 சென்றிமீற்றரிலிருந்து 1 மில்லிமீற்றருக்குக் குறைந்தால், பரவலுக்கு வேண்டிய காலம் பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, ஏறத்தாழ ஒரு நாளில் முடிந்துவிடும். இந்த இடத்தில் ஒரு சிக்கலும் உண்டு. எல்லா மூலகங்களும் ஒரே வேகத்தில் பரவுவதில்லை. சோடியம் விரைவாகவும் சிலிக்கன் மிக மெதுவாகவும் நகர்கின்றன. ஆகவே பாதியில் நின்றுபோன கலவையில், சோடியத்தைக் கொண்டு கணித்த விகிதமும் சிலிக்காவைக் கொண்டு கணித்த விகிதமும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். பன்சனின் நேர்கோடு இயற்கையில் ஏன் சிதறுகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இத்தாலியின் டீகோ பெருஜினியும் குழுவினரும் இந்தச் சீரின்மையையே கடிகாரமாக்கினார்கள்: மூலகச் செறிவின் ஏற்றத்தாழ்வு நேரத்தோடு எப்படித் தேய்கிறது என்பதை ஆய்வுகூடத்தில் அளந்து, நேப்பிள்ஸ் நகரருகே உள்ள கம்பி ஃபிளெக்ரேயின் பழைய வெடிப்புகளில் கலப்பு தொடங்கியதற்கும் வெடித்ததற்கும் இடையில் சில பத்து நிமிடங்களே இருந்தன என்று 2015 இல் வெளியிட்டார்கள்.

நிமிடங்கள் என்ற சொல்லைப் படித்தபோது எனக்குப் பினாட்டுபோ நினைவுக்கு வந்தது. பிலிப்பைன்ஸில் உள்ள அந்த எரிமலையின் அடியில் டேசைட் மக்மா நீண்ட காலமாகக் கிடந்தது. 1991 இல் அதற்குள் பசால்ட் புகுந்தது. யூன் 7 முதல் 12 வரை வாயில் மெல்ல எழுந்த லாவாக் குவிமாடம் அண்டசைட்டாக இருந்தது. அதற்குள் கரிய பசால்ட் உருண்டைகள் பதிந்திருந்தன. டேசைட்டுக்குரிய பளிங்குகளும் பசால்ட்டுக்குரிய ஒலிவினும் ஒன்றாகக் கிடந்தன. யூன் 15 இல் நடந்த பெருவெடிப்பில் வெளிவந்தது டேசைட். பாலிஸ்டரும் சக ஆய்வாளரும் 1992 இல் இதை விளக்கியபோது, அந்தப் பசால்ட்டே வெடிப்பைத் தூண்டியிருக்கவேண்டும் என்றார்கள். சூடேறிய டேசைட்டின் பாகுத்தன்மை குறைகிறது, குளிர்ந்து பளிங்காகும் பசால்ட் தன்னிடமிருந்த நீராவியையும் வாயுக்களையும் வெளிவிடுகிறது, அறையின் அழுக்கம் ஏறுகிறது. இதே கருத்தை ஸ்பார்க்ஸ், சிகுர்ட்சன், வில்சன் மூவரும் 1977 இலேயே, ஐஸ்லாந்தின் அஸ்க்ஜா எரிமலை 1875 இல் வெடித்ததை முன்வைத்து எழுதியிருந்தார்கள். பாறையின் இரசாயன வேறுபாடும் வெடிப்பின் காரணமும் ஒரே சம்பவத்தின் இரண்டு விளைவுகள் என்பது இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை.

2010 இல் ஐரோப்பாவின் விமானங்களை நிறுத்திவைத்த எய்யாஃப்யாட்லயோகுட்ல் வெடிப்பும் இப்படித்தான். மார்ச் மாதம் மலையின் பக்கவாட்டில் அமைதியாகப் பசால்ட் வழிந்தது. ஏப்ரல் 14 இல் உச்சியில் சிலிக்கா கூடிய, இடைத்தரமான மக்மா சாம்பலாகச் சிதறியது. ஆழத்திலிருந்து வந்த பசால்ட், பழைய வெடிப்பின் எச்சமாக உச்சிக்குக் கீழே தங்கியிருந்த சிலிக்கா மிகுந்த மக்மாவோடு மோதியதன் விளைவு அது. முதல் நாள்களின் சாம்பலை மணிமணியாக அளந்தபோது, பசால்ட் கண்ணாடியும் சிலிக்கா மிகுந்த கண்ணாடியும் இடைப்பட்ட கண்ணாடியும் தனித்தனியாகக் கிடைத்தன. சாம்பலை மொத்தமாக அளந்திருந்தால் நடுவில் ஒரு எண் மட்டுமே வந்திருக்கும்.

முல்லைத்தீவுக் கடற்கரையில் சில வேளைகளில் மிதந்து வந்து ஒதுங்கும் நுரைக்கற்களை எங்கள் பிள்ளைகள் வகுப்புக்குக் கொண்டுவருவதுண்டு. கடலில் நெடுந்தொலைவு மிதந்து வரக்கூடியவை அவை. 1883 இல் வெடித்த கிரகட்டோவாவின் நுரைக்கற்கள் இந்து சமுத்திரத்தைக் கடந்து ஆபிரிக்கக் கரைவரை போயின. அலஸ்காவில் 1912 இல் நடந்த நோவருப்தா வெடிப்பின் நுரைக்கற்களில் வெள்ளையும் கரிய சாம்பல் நிறமும் வரிவரியாகப் பின்னிக் கிடக்கின்றன. கலப்பு பாதியில் உறைந்ததை வெறுங்கண்ணால் பார்க்கலாம். எங்கள் கரையில் கிடைத்த எதிலும் அத்தகைய வரிகளை நான் இன்னும் காணவில்லை. ஒவ்வொன்றையும் உடைத்துப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் விடவில்லை.

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு பெரிய கேள்வி எழுகிறது. அண்டசைட் என்ற பாறை பசிபிக் சமுத்திரத்தைச் சுற்றிய எரிமலைகளில் மலைமலையாகக் கிடக்கிறது. ஆனால் அண்டசைட் திரவம் என்ற ஒன்று உண்மையில் எவ்வளவு இருந்தது? பளிங்கு வளரும்போது சுற்றியிருந்த திரவத்தின் நுண்துளிகள் சில அதற்குள் சிறைப்பட்டுக் கண்ணாடியாக உறைகின்றன. ரியூபியும் பிளண்டியும் 2009 இல் இத்தகைய துளிகளின் பகுப்பாய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பாறைகள் நடுத்தரமாக இருந்த எரிமலைகளிலும் துளிகள் பெரும்பாலும் இரண்டு முனைகளிலேயே குவிந்திருந்தன. நடுத்தர அமைப்புள்ள திரவம் அரிதாக இருந்தது. அடம் கென்ற்றும் சக ஆய்வாளரும் 2010 இல் அமெரிக்காவின் ஹூட் மலையை ஆராய்ந்து, அதன் அண்டசைட்டுகள் பசால்ட் சார்ந்த ஒரு மக்மாவும் சிலிக்கா மிகுந்த ஒரு மக்மாவும் கலந்ததால் உண்டானவை என்றும், சிலிக்கா மிகுந்த மக்மா தனியே மேலே ஏறமுடியாத அளவுக்குப் பிசுபிசுப்பானது, சூடான மக்மா வந்து கலந்தால்தான் அது வெளியேறுகிறது என்றும் காட்டினார்கள். இதன்படி, கலப்பு எங்கு நடக்கிறதோ அங்குதான் வெடிப்பும் நடக்கிறது. வெளியே வருவதெல்லாம் நடுத்தரமாக இருப்பதற்கு அதுவே காரணம். எல்லா அண்டசைட்டுக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. போவனின் வழியும் பல இடங்களில் வேலை செய்கிறது. ஆனால் பசால்ட், அண்டசைட், டேசைட், ரயோலைட் என்று ஒன்றிலிருந்து அடுத்தது வளர்வதாக மட்டும் பாடநூல் அட்டவணைகள் காட்டுவது மாணவரைத் தவறான திசையில் இருத்திவிடுகிறது என்று உறுதியாக நினைக்கிறேன்.

வன்னியின் பாறைகளுக்கு வருகிறேன். ஓமந்தைப் பக்கத்துக் கல்குவாரி ஒன்றில், புதிதாக உடைத்த கல்லில் கறுப்பும் இளஞ்சிவப்பும் மாறிமாறி ஓடும் பட்டைகளைக் காட்டி, மாணவர் ஒருவர் கேட்டார்: "சேர், இதுவும் ரெண்டு மக்மா கலந்து வந்ததோ?" நல்ல கேள்வி, ஆனால் பட்டைகளை மட்டும் கொண்டு ஆம் என்று சொல்ல முடியாது. எங்கள் அடிப்பாறை எரிமலைப் பாறை அல்ல. புவிச்சரிதவியலாளர் வன்னித் தொகுதி என்று பிரித்துக் காட்டும் இந்தப் பகுதி, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கொண்டுவானாக் கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில் புவியோட்டின் ஆழத்தில் வெந்து, நெரிந்து, உருமாறியது. அந்தச் சூட்டில் பாறையின் ஒரு பகுதி உருகி வெளிறிய நாளங்களாகப் பிரிந்தது. உருகாமல் எஞ்சிய கரிய கனியங்கள் அருகே பட்டைகளாகின. எல்லாம் சேர்ந்து அழுத்தத்தில் நீண்டு மடிந்தன. அங்கே நடந்தது பெரும்பாலும் பிரிதல், கலப்பு அல்ல. குளக்கட்டுகளின் அலையடிக்கும் பக்கத்தில் பரப்பியிருக்கும் கருங்கற்களிலும் இதே பட்டைகளைப் பார்க்கலாம்.

ஆயினும் கலப்பின் கணக்கு எங்கள் பாறைகளையும் விட்டுவிடவில்லை. சமாரியம் 147 மெல்லச் சிதைந்து நியோடைமியம் 143 ஆகிறது என்பதைக் கொண்டு, ஒரு பாறையின் பொருள் புவியோட்டுக்குக் கீழே உள்ள மூடகத்திலிருந்து எப்போது பிரிந்து வந்தது என்று ஒரு வயதைக் கணிக்கலாம். மிலிசெண்டாவும் சக ஆய்வாளரும் 1988 இல் இலங்கைப் பாறைகளை இப்படி அளந்தபோது, மத்திய மலைநாட்டு உயர்நிலத் தொகுதி 200 முதல் 300 கோடி ஆண்டு வயதையும், இப்போது வன்னித் தொகுதி எனப்படும் பகுதி 100 முதல் 200 கோடி ஆண்டு வயதையும் தந்தன. ஆனால் வன்னியின் பட்டைப்பாறைகளுக்கு மூலமான கிரனைற்று வகை மக்மாக்கள் இறுகிய காலம், அவற்றில் உள்ள சேர்க்கன் என்ற கனியத்தின் மணிகளின்படி, ஏறத்தாழ 110 கோடி முதல் 75 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. 100 கோடி ஆண்டுக்கு முன் இறுகிய பாறை 160 கோடி என்று ஒரு வயதைக் காட்டினால், 160 கோடி ஆண்டுக்கு முன் ஏதோ ஒன்று நடந்தது என்று உடனே எழுதிவிடக் கூடாது. மூடகத்திலிருந்து புதிதாக வந்த மக்மாவும், அதைவிட மிகப் பழைய புவியோட்டுப் பொருளும் கலந்திருந்தால், இரண்டுக்கும் உரியதல்லாத அந்த நடு எண்ணே வரும்.

இதைத் தீர்க்கும் வழியும் எய்யாஃப்யாட்லயோகுட்ல் சாம்பலில் கண்டதுதான்: பொடியாக்காமல் மணியாக அளப்பது. சேர்க்கன் மணி ஒவ்வொன்றும் தான் இறுகிய வயதை யுரேனியத்திலும் ஈயத்திலும், தான் பிறந்த மக்மாவின் மூலத்தை ஹாஃப்னியம் சமதானிகளிலும் வைத்திருக்கிறது. சில மணிகளின் உட்கருவில் பழைய பாறையிலிருந்து வந்த மணியே மிஞ்சியிருக்கும், ஓரத்தில் 55 கோடி ஆண்டுக்கு முந்திய சூட்டில் வளர்ந்த மெல்லிய வளையம் இருக்கும். ஒரே வயதுடைய மணிகள் எல்லாம் ஹாஃப்னியத்தில் ஓரிடத்தில் குவிந்தால் மூலம் ஒன்று என்று கொள்ளலாம். இரண்டு முனைகளுக்கு இடையே அவை பரந்து கிடந்தால், ஓமந்தையில் உடைபடும் அந்தக் கல்லின் மூதாதையான மக்மா இறுகுவதற்கு முன்பே, புதியதும் பழையதுமான இரண்டு பொருள்கள் அதில் சேர்ந்திருக்கின்றன என்று அந்த மாணவருக்குப் பதில் சொல்லலாம்.